கடல் கடந்தோரும் அவர் காத்த பண்பாடும்

மனிதன் பிறக்கும்போது பெயரோடு பிறப்பதில்லை, மொழியோடும் பிறப்பதில்லை. முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழித்து, பெயரிட்டு, உற்றார் கூடி வாழ்த்திய பின்னரே குழந்தை ஒரு வீட்டின் பிள்ளையாகின்றது. ஏடு தொடக்கியபின் மாணாக்கனாகின்றது. மணவறையில் தாலி ஏறியபின் ஒருவர் மனைவி, மற்றவர் கணவர். மாண்டபின்னும் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் திவசமும் நடக்கின்றன. இறந்தவர் யாருடைய தந்தை, எக்குடியின் முன்னோர் என்பதை அச்சடங்குகள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. இவ்வாறு பார்க்குமிடத்து, "நான்" என்று நாம் பெருமையோடு சொல்லும் பொருளிற் பெரும்பகுதி பிறர் நமக்குத் தந்ததே என்பது விளங்கும்.

"நான் யார்?" என்ற கேள்வியை நம் ஞானிகள் ஆன்ம விசாரணையாகக் கேட்டனர். மானிடவியலார் அதே கேள்வியை வேறொரு திசையிலிருந்து கேட்கின்றனர். ஒருவன் தன்னை இன்னான் என்று எண்ணுவதற்கு அவன் வாழும் சமூகம் எவ்வாறு காரணமாகின்றது என்பதே அவர்தம் ஆராய்ச்சி. 1871 ஆம் ஆண்டில் எட்வேட் ரைலர் என்னும் ஆங்கிலேய அறிஞர் பண்பாட்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என, சமூகத்தின் உறுப்பினனாக இருப்பதனால் மனிதன் ஈட்டிக்கொள்ளும் அனைத்தின் தொகுதியே பண்பாடு என்பது அவர் கருத்தின் சாரம். இதில் "ஈட்டிக்கொள்ளும்" என்பதே உயிரான சொல். பின்னர் அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் என்பார் இதனை மேலும் வலியுறுத்தினார். பண்பாடு இரத்தத்தில் ஓடுவதன்று, வாழ்ந்து கற்பது என்று காட்டி, இனச் செருக்குக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததும் ஏறத்தாழ இதுதான்.

அப்படியாயின் ஒரு கேள்வி எழுகின்றது. கற்றது மறந்துபோனால் என்னாகும்? மொழி போயிற்று, பெயர் திரிந்தது, ஊர் நினைவிலில்லை என்ற நிலையில் ஒரு கூட்டத்தார் தாம் இன்னார் என்று எதைக்கொண்டு அறிவர்? மனிதரை வைத்து இதற்குச் சோதனை நடத்துதல் இயலாது; நடத்துதல் தகாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறு இரக்கமின்றி அத்தகைய ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கின்றது. சோதனைக்குள்ளானவர்கள் தமிழர்.

ஒரே கரை, பல தீவுகள்

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. பிரஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அது ஒழிந்தது. விடுதலை பெற்றோர் கரும்புத் தோட்டங்களைவிட்டு நீங்கவே, தோட்ட முதலாளிமார் ஆள் தேடி இந்தியாவை நோக்கினர். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் வாட்டிய தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைநாட்டு இட்டுக் கப்பலேறினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சம் இன்னும் பலரை ஊரைவிட்டுத் துரத்தியது. ஒரு கப்பல் மொரிசியசுக்குப் போனது, ஒன்று றீயூனியனுக்கு, ஒன்று நேட்டாலுக்கு, ஒன்று அத்திலாந்திக் கடலையும் தாண்டி மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு. இலங்கைக்கு வந்தவர்கள் இந்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்கீழ் அன்றி, கங்காணியின் கீழ்க் கடன்பட்டு வந்தனர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் எண்ணற்றோர்.

1909 இல் வான் கெனப் என்னும் அறிஞர் சடங்குகளை ஆராய்ந்து, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மனிதன் கடக்கும்போது மூன்று படிகள் உண்டென்றார். பழையதிலிருந்து பிரிதல், எதிலும் சேராத இடைநிலையில் நிற்றல், புதியதிற் சேர்தல் என்பன அவை. பூப்படைந்த பெண்ணைத் தனியே இருத்திப் பின் நீராட்டிச் சபைக்கு அழைப்பதில் இம்மூன்றையும் காணலாம். கப்பலேறிய கூலிக்கும் இம்மூன்று படிகளும் நேர்ந்தன. ஆனால் அவனுக்கு ஆசி கூற ஒருவருமில்லை. துறைமுகக் கொட்டகையில் அவன் பெயர் ஓர் எண்ணாயிற்று. கப்பலில் எல்லாச் சாதியாரும் ஒரே பானைச் சோற்றை உண்டனர். ஒரே கப்பலில் வந்தவர்கள் அதன்பின் உடன்பிறந்தார் போலாயினர். வடஇந்தியர் இவ்வுறவை "ஜஹாஜி பாய்", அதாவது கப்பற் சகோதரர் என்று அழைத்தனர். இரத்த உறவு அறுந்த இடத்தில் மனிதர் உடனே வேறோர் உறவைப் பின்னிக்கொள்கின்றனர் என்பது இங்கே நாம் காணும் முதற் பாடம்.

மொழி மறைந்த தீவு

றீயூனியன் தீவில் இறங்கியவர்களுக்கு "மல்பார்" என்று பெயரிட்டனர். மலையாளக் கரையை அறிந்த ஐரோப்பியர் தென்னிந்தியர் அனைவரையும் அப்பெயராற் சுட்டினர். யாழ்ப்பாணத் தமிழரையும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருகாலம் "மலபார்கள்" என்றே பதிவேடுகளில் எழுதினர் என்பதை இங்கே நினைவுகூரலாம். அந்தப் பெயர் நம்மைவிட்டு நீங்கிற்று, அவர்களைவிட்டு நீங்கவில்லை.

அங்கே வந்தவர்களுட் பெண்கள் தொகை ஆண்களிற் பாதிக்கும் குறைவு. குடும்பமாக வந்தோர் சிலரே. தோட்டந்தோறும் சிதறி, பலவினத்தாரோடு கலந்து வாழ்ந்தமையால், பிள்ளைகளின் தாய்மொழி பிரஞ்சு வழிவந்த கிரியோல் ஆயிற்று. பதிவாளர் தம் காதிற் பட்டபடி எழுதிய பாட்டனின் பெயர் குடும்பப் பெயராக நிலைத்தது. முத்துசாமி, ராமசாமி, வீரப்பிள்ளை என்பன பிரஞ்சு எழுத்திலே உருத்திரிந்து இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக உள்ளன. முதற்பெயரோ கத்தோலிக்க நாட்காட்டியிலிருந்து வந்தது. பெரும்பாலானோர் ஞானஸ்நானமும் பெற்றனர். 1946 இல் அத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக்கப்பட்டது. பள்ளியில் பிரஞ்சு, வீட்டிற் கிரியோல், தெருவிற் கோவிற்பிரசங்கம் என்ற நிலையில், தமிழ் பேசுந் தலைமுறை மறைந்தது.

இவ்வளவும் போனபின் எஞ்சியது என்ன? தீமிதிப்பு எஞ்சியது. ஆண்டுதோறும் விரதமிருந்து, மஞ்சளாடை உடுத்து, கரகந் தாங்கி, கனல் பரப்பிய குழியின்மேல் அவர்கள் நடக்கின்றனர். அங்கே வணங்கப்படும் தெய்வத்தை அவர்கள் "பாண்டியாலே" என்கின்றனர். அவள் வேறு யாருமல்லள், நம் பாஞ்சாலியே. "மார்லியேமன்" என்பவள் மாரியம்மன். "நார்ல்கோன்" என்று அவர்கள் அழைக்கும் இரவுக்கூத்து, நம் நாடகமே. கல்முனைப் பகுதியிலே பாண்டிருப்பிலும், புத்தளக் கரையில் உடப்பிலும் திரௌபதை அம்மன் முன்னிலையில் தீமிதிப்போரைக் கண்ட நம்மவர், இந்துமாகடலின் மறுகோடியிலுள்ள அத்தீவில் அதே கதையின் அதே கனலைக் காணும்போது வியப்படையாதிருத்தல் அரிது.

மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் இது இன்னும் நுண்ணிதாக விளங்குகின்றது. அங்கே மாரியம்மன் வழிபாட்டோடு "நாகூர் மீரா" என்னும் பெயரும் சேர்ந்து வணங்கப்படுகின்றது. நாகூரிலே அடக்கமாகியுள்ள முஸ்லிம் பெரியாராகிய சாகுல் ஹமீது ஆண்டவர் கடலிற் செல்வோரைக் காப்பவர் என்பது சோழமண்டலக் கரையோர மக்கள் அனைவரதும் நம்பிக்கை. கப்பலேறியவர்கள் அவரை நேர்ந்துகொண்டு போயினர். கரையேறியபின் அம்மனுக்கு அருகே அவருக்குக் கொடிமரம் நாட்டினர். சமயநூல் கற்றோர் இதைக் குழப்பம் என்பர். மானிடவியலாரோ இதை நினைவு என்பர். அந்தக் கொடிமரத்தில் ஒரு கடற்பயணத்தின் அச்சமும் நன்றியும் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆயினும் மொழி போனது சிறு இழப்பென்று யாரும் கருதவேண்டா. பூசாரி ஓதும் தமிழ்த் தொடர்களின் பொருள் கேட்போர்க்கு விளங்குவதில்லை. பல இடங்களில் ஓதுவோர்க்கே விளங்குவதில்லை. ஒலி நிற்கின்றது, பொருள் நீங்கிவிட்டது. அக்குறையை உணர்ந்தே 1970 களின் பின் றீயூனியன் இளைஞர் பலர் தமிழை அரிச்சுவடியிலிருந்து படிக்கத் தொடங்கினர். அவர்களை அவ்வழியிற் செலுத்தியது எது? இலக்கண நூல் அன்று. பொருள் தெரியாமலே பாட்டனுடன் கைகோத்து நின்ற அந்தக் கோயில் முற்றமே அவர்களை மொழியிடம் திருப்பி அனுப்பிற்று.

சட்டம் மறுத்த திருமணம்

1860 நவம்பர் 16 இல் "ட்ரூரோ" என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மேல் 1895 ஆம் ஆண்டுச் சட்டம் 3 பவுண் தலைவரி விதித்தது. வெள்ளையர் இவர்களைக் "கூலி" என்றும் "சாமி" என்றும் அழைத்தனர். ராமசாமி, முனுசாமி என்ற பெயர்களின் ஈற்றை எடுத்து அவ்வாறு வசைச்சொல் ஆக்கினர். "சாமி" என்றால் தலைவன் என்று பொருள் என்பதைக் காந்தியடிகள் தமது சுயசரிதையிற் சுட்டிக்காட்டியிருக்கின்றார்.

1913 மார்ச்சில், கேப் மாகாணத்தின் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். அவர்முன் வந்தது ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு. பலதார மணத்துக்கு இடந்தரும் சமயங்களின் முறைப்படி நடந்த மணங்களைச் சட்டம் ஏற்காது என்பது தீர்ப்பின் விளைவு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அவர்தம் பிள்ளைகள் உரிமையற்ற பிள்ளைகளாயினர். தாலி கழுத்தில் இருந்தது. அது தாலியென்று ஏற்க அரசு மறுத்தது.

தனிமனிதரின் தன்மதிப்பும் கூட்டத்தின் பண்பாடும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. தலைவரியை வெறுத்தும் வீட்டோடு இருந்த பெண்கள், இத்தீர்ப்பின்பின் தெருவில் இறங்கினர். தமிழ்ப் பெண்கள் ட்ரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நேட்டாலுக்குள் நடந்தனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்டினர். சிறை சென்றோருள் ஒருத்தி வள்ளியம்மை. பிறந்ததும் வளர்ந்ததும் ஜொகனஸ்பேர்க்கில். ஆயினும் இன்று தமிழுலகம் அவளைக் குடும்பத்தின் ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை என்றே அறியும். சிறையிற் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பெப்ரவரி 22 இல், பதினாறு வயதில் இறந்தாள். அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் தலைவரியை நீக்கியது. இந்தியரின் மணத்தையும் ஏற்றது.

நேட்டால் தமிழரின் பிற்கால வரலாற்றிலும் இப்போக்கைக் காண்கின்றோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியின்பின் வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. 1950 ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் மக்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. எனினும் திருவிழா நாளில் மக்கள் தொலைவிலிருந்து பழைய கோயிலைத் தேடி வந்தனர். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிற் பெருவிழா கிறித்தவரின் பெரிய வெள்ளியை ஒட்டி நடைபெறுவது உலகறிந்தது. விடுமுறை கிடைத்த நாளிலே விழாவை வைத்துக்கொண்டனர். நாட்காட்டி மாறியது, நேர்த்தி மாறவில்லை.

மொரிசியசில் தைப்பூசக் காவடி அரசாங்க விடுமுறை நாள். அந்நாட்டு நாணயத்தாளிலே தமிழ் எழுத்தும் உண்டு. 1998 இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழின் இடத்தை மாற்றி இந்தியை முன்வைத்தபோது எழுந்த எதிர்ப்பினால், அத்தாள்களை மீட்டுக்கொண்டு 1999 இற் பழைய வரிசைப்படி வெளியிட்டனர். எதிர்த்தவருட் பலர் வீட்டிற் பேசுவது கிரியோல். பேசாத மொழிக்காக ஒருவர் ஏன் வருந்தவேண்டும்? அது தம் பெயரின் மொழி, தம் பாட்டனின் மொழி என்பதனாலேயே வருந்தினர்.

நம் மலைநாட்டார்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே கரையிலிருந்து வந்த மலையகத் தமிழர், றீயூனியனாருக்கு நேர்மாறான நிலையை அடைந்தனர். அவர்களிடம் மொழி அழியவில்லை. காரணம் தெளிவு. கோப்பிக் காலத்தில் ஆண்கள் பருவத்துக்கு வந்து திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்தூரவிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக, ஊரும் உறவுமாகக் கங்காணிமார் ஆள் சேர்த்தனர். லயத்தின் பத்தடிக் காம்பராவிலே தாய், பாட்டி, அத்தை என்று எல்லாரும் இருந்தமையால், தாலாட்டும் ஒப்பாரியும் அறாமல் வந்தன. இதனுடன் சாதி வேற்றுமையும் வந்தது என்பதையும் மறைத்தலாகாது.

அவர்களுக்கு இல்லாமற்போனது மொழி அன்று, நாடு. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதன்முறையாக "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என இரு கூறாக எண்ணியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இருநாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இங்கே "இந்தியாக்காரன்" எனப்பட்டவன் நீலகிரியில் இறங்கியதும் "சிலோன்காரன்" எனப்பட்டான். 2003 ஆம் ஆண்டின் சட்டமே இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது.

அரசினர் சூட்டிய பெயர்கள் ஒருபுறமிருக்க, நம்மவர் சூட்டிய பெயரையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலும் ஏனைய இடங்களிலும் "தோட்டக்காட்டான்" என்ற சொல் தாராளமாக வழங்கியது. ஒரே மொழி, ஒரே தெய்வம், ஒரே திருநீறு. ஆயினும் நடுவே ஒரு வேலி. 1969 இல் நோர்வே நாட்டு அறிஞர் பிரெட்றிக் பார்த் வெளியிட்ட கருத்து இதனை விளக்க உதவும். ஒரு கூட்டத்தாரை மற்றக் கூட்டத்தாரிலிருந்து பிரிப்பது அவர்களுடைய பண்பாட்டின் உள்ளீடு அன்று, இருவருக்குமிடையே இழுத்துப் பேணப்படும் எல்லையே என்றார் அவர். உள்ளே இருப்பது எவ்வளவு ஒன்றாயிருந்தாலும், எல்லையைப் பேண விரும்புவோர் அதைப் பேணியே தீருவர். நம் கோயில் வீதிகளிலே ஆலயப் பிரவேசத்துக்காக 1960 களில் நடந்த போராட்டங்களும் இவ்வுண்மையையே காட்டின.

இந்த நிலையில் மலையக மக்கள் தம்மை எப்படி மனிதராகக் காத்துக்கொண்டனர்? காலை இருள் பிரியுமுன் தப்போசை அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அங்கே அவர்கள் செக்றோலில் உள்ள பெயர்கள். அரைப்பேர், முழுப்பேர் என்று கணக்கிடப்படுவோர். ஆனால் மாசி மாதத்தில் அதே தப்பு காமன் கூத்துக்கு ஒலிக்கின்றது. பகலிற் கவ்வாத்து வெட்டியவர் இரவிலே மன்மதனாகின்றார். அவரை வணங்கி ஊர் நிற்கின்றது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிகின்றான், ரதி புலம்புகின்றாள், முடிவில் அவன் உயிர்த்தெழுகின்றான். எரிந்தவன் மீளுவான் என்பதை ஆண்டுதோறும் தம் கண்முன் நிகழ்த்திக் காண்பதற்கு அம்மக்களுக்குக் காரணம் இருந்தது. 1912 இல் துர்க்கைம் என்னும் பிரஞ்சு அறிஞர், சடங்கிலே கூடும் மக்கள் தெய்வத்தை மாத்திரமன்றித் தம்மையும் ஒரு கூட்டமாக உருவாக்கிக்கொள்கின்றனர் என்று எழுதினார். காமன் பொட்டலில் நிற்பவர்க்கு அது நூலறிவு அன்று, கண்கூடு.

"இந்தியத் தமிழர்" என்று பிறர் எழுதிய இடத்தில் "மலையகத் தமிழர்" என்று அம்மக்களே தம் பெயரை எழுதிக்கொண்டதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. 2023 இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களும் நண்பர்களும் நடந்தனர். அப்பழைய வழியை இம்முறை ஒருவரும் கடனுக்காக நடக்கவில்லை. தாமே விரும்பி நடந்தனர்.

இவற்றாற் பெறப்படுவது

ஒரே மரத்தின் விதைகள் பல மண்ணில் விழுந்து முளைத்ததைக் கண்டோம். ஓரிடத்தில் மொழி போய்ச் சடங்கு நின்றது. ஓரிடத்தில் மொழி நின்று குடியுரிமை போயிற்று. ஓரிடத்திற் சட்டம் மணத்தையே மறுத்தது. எங்கும் ஒன்று மாத்திரம் பொதுவாக உள்ளது. பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த காரியமே நிலைத்தது. பெரியோர் மாத்திரம் அறிந்து வைத்திருந்தது அவர்களோடு எரிந்துபோயிற்று.

சேர்ந்து செய்தமையால் மாறாமல் நின்றதென்றும் எண்ணலாகாது. பெரிய வெள்ளியில் மாரியம்மன் விழா, அம்மன் அருகே நாகூர் மீரா, பிரஞ்சு நாவில் பாஞ்சாலி என்று எல்லாம் மாறின. மாறத் தெரிந்தமையாலேயே அவை உயிரோடிருந்தன. ஆகவே "கலப்பில்லாத பண்பாடு" என்று மார்தட்டுவோர் வரலாற்றை நோக்கவில்லை. அது போலவே, "பண்பாடு தானே வளரும், நாம் கவலைப்படுவானேன்" என்போரும் றீயூனியனில் மௌனமாகிப்போன தமிழை நோக்கவில்லை.

இப்பொருள் நமக்கு வெறும் நூலாராய்ச்சியாக நிற்கவில்லை. 1983 ஆம் ஆண்டின்பின் நம் இல்லங்களிலிருந்தே இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். தொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் அவர்தம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டனர். கோடை விடுமுறையில் அவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, தமிழ் தடுமாறக் கண்டு சிரிப்போர் நம்மிடையே உண்டு. சிரித்தல் எளிது. அப்பிள்ளையின் கையிலே ஒரு கற்பூரச் சட்டியை அல்லது தேர்வடத்தைக் கொடுத்தல் அதைவிட நன்று. கை பற்றியது பின்னொருநாள் நாவைத் தேடி வரும். றீயூனியனில் அதுவே நடந்தது.

இங்கே இருக்கும் நமக்கும் அதுவே பாடம். நம் சங்கத்து இளைஞர் திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தர் நடத்துகின்றனர், மாலை கட்டுகின்றனர், திருமுறை ஓதுகின்றனர். அவ்வேலைகளை முதியோர் தாமே விரைவாகச் செய்து முடித்துவிடலாம். ஆயினும் சிறுவனிடம் கொடுத்துப் பிழைபடச் செய்வித்துத் திருத்துவதே காத்தலாகும். இளைஞரும் செய்வதோடு அமையாது, பொருள் என்ன என்று கேட்கவேண்டும். பதில் தெரியாதபோது பெரியோர் சினவாமல், இருவருமாகத் தேடவேண்டும். ஓதுவது விளங்காத பூசாரியும் கேட்பது விளங்காத அடியாருமாக நாமும் ஆகிவிடாமலிருக்க அதுவன்றி வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. பிறர் இட்ட பெயரால் ஒரு மனிதன் எவ்வளவு சிறுமைப்படுகின்றான் என்பதை "மல்பார்", "கூலி", "தோட்டக்காட்டான்" என்ற சொற்களின் வரலாறு காட்டிற்று. நமக்குப் பிறர் இட்ட பெயர்களை நினைந்து நோகும் நாம், நாம் பிறருக்கு இட்ட பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் முறை. ஒரு பண்பாட்டில் வளர்ந்தவன் என்பதற்கு அடையாளம், தன் பெயரை மதிப்பது போலவே அயலான் தனக்கு இட்டுக்கொண்ட பெயரையும் மதித்து அழைப்பதாகும். கோயில் வீதியில் அடுத்து நிற்பவரை எப்படி அழைக்கின்றோம் என்பதிலிருந்தே, நாம் யார் என்பதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர்.